சொன்னபட்டிக்கு வந்த சுழற்கோப்பை

டவுனிலிருந்து வருகிற பஸ் கடைசியாகத் திரும்புகிற ஊர் சொன்னபட்டி. அதற்கு மேல் ரோடு கிடையாது. ரோடு போட வந்த ஆட்களில் யாரோ சாப்பாட்டு நேரத்தில் "போதும்பா" என்று சொல்ல, ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுக்கொண்டு அவர்களை ஊருக்கு அனுப்பி வைத்துவிட்டார்கள். அவர் சொன்னது சோறு போதும் என்று.

சொன்னபட்டிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்பார்கள். சங்கடமே அதுதான். பஸ்ஸில் 'படியில் நிற்காதே' என்று எழுதியிருக்கிறது அல்லவா? அந்த ஊர்க்காரர் ஒருவர்கூட இதுவரை படியில் நின்றதில்லை. எல்லாரும் படியில் உட்கார்ந்துதான் வருவார்கள். ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் அங்கே குடிவந்து, கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்று எழுதிப் போட்டார். அன்றிலிருந்து தெருவே முறை வைத்து அந்த நாயைப் பார்த்துக்கொள்கிறது. மார்கழிப் பனிக்கு மப்ளர்கூடக் கட்டிவிட்டார்கள்.

அந்த ஊர் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படித்தாள் முப்பிடாதி. கவலைப்படுவதில் அவள்தான் பள்ளிக்கே முதல் மாணவி. கையில் குடை இல்லையென்றால் மழை வந்துவிடுமோ என்று கவலைப்படுவாள். குடை இருந்தால், மழை வராமல் சும்மா சுமக்க வேண்டியிருக்குமோ என்று கவலைப்படுவாள். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால், டீச்சர் வேறு யாருடைய பேப்பரையோ தவறிக் கொடுத்துவிட்டாரோ என்று இரண்டு நாள் சோறு இறங்காது.

இந்த முறை அவள் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. பதினொன்று 'ஆ' பிரிவுக்குக் கட்டடம் கிடையாது. பள்ளி மைதானத்து நடுவில் நிற்கிற வாகை மரம்தான் வகுப்பறை. ஒரு கிளையில் கரும்பலகை தொங்கும். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள். அந்த மரத்தைத்தான் வெட்டப்போவதாகத் தலைமையாசிரியர் பால்வண்ணம் காலைக் கூட்டத்தில் சொன்னார்.

"கவர்மெண்டு சைக்கிள் எல்லாம் வெயில்ல காயுது. டயரு பட்டுப் பட்டுன்னு வெடிக்குது. ஷெட்டு போடணும். இடம் அது ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு மாடக்கண்ணு ரம்பத்தோட வருவாரு."

முப்பிடாதி எழுந்து நின்றாள்.

"சார், அப்ப எங்க கிளாசு?"

"தகரக் கொட்டகையில 'அ' பிரிவோட சேந்து உக்காருங்க."

"அங்க போன வாரம் மூணு பேரு மயங்கி விழுந்தாங்க சார்."

"அதான் சொல்லுதேன். மூணு பேரு விழுந்தா மூணு இடம் காலிதான?"

பால்வண்ணம் சாரும் உள்ளூர்க்காரர்தான். கொடுமைக்காரர் இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர், அவ்வளவுதான்.

அன்றைக்கு மத்தியானம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மாவட்ட அளவிலான சுற்றுச்சூழல் மற்றும் இயற்கை வளப் போட்டி. நான்கு பேர் கொண்ட குழு. வெல்கிற பள்ளிக்குக் கோப்பை. வெள்ளிக்கிழமை, டவுன் கல்யாண மண்டபத்தில். முப்பிடாதி கடிதத்தைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"சார், இயற்கையைக் காப்பாத்துறதுல கோப்பை வாங்கின பள்ளிக்கூடத்துல மரத்தை வெட்டினா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

பால்வண்ணம் சார் யோசித்தார். அந்தப் பள்ளியின் கண்ணாடி அலமாரியில் இதுவரை ஒரு கோப்பையும் இல்லை. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்தான் இருந்தது.

"சரி. கோப்பை வந்தா மரம் நிக்கும். வரலைன்னா ரம்பம். போங்க, வாகை சூடி வாங்க. வெறுங்கையோட மட்டும் வராதீங்க."

குழு அன்றைக்கே கூடியது. தலைவி முப்பிடாதி. அடுத்து இசக்கிராஜ். எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்லத் தெரிந்தவன், தெரியாது என்று சொல்ல மட்டும் தெரியாதவன். மூன்றாவது கோமு. எதற்கும் அர்த்தம் கேட்பாள். நான்காவது சேர்மத்துரை. அவன் பேசவே மாட்டான். அதனால் அவனை எல்லாரும் புத்திசாலி என்று நம்பினார்கள்.

கடிதத்தில் நான்கு வரி எழுதியிருந்தது. முதல் வரியை முப்பிடாதி உரக்க வாசித்தாள். "'தங்கள் ஊரின் மண் மாதிரி அரை கிலோ கொண்டு வரவும்.'"

"மண் மாதிரின்னா என்னதுட்டி?" என்றாள் கோமு.

"இதுல என்ன சந்தேகம்?" என்றான் இசக்கிராஜ். "உங்க அக்கா உன்னை மாதிரியே இருக்கால்லா?"

"ஆமா."

"அதுக்காக உங்க அக்கா நீயா?"

"இல்ல."

"அப்ப மண் மாதிரி இருக்கிறது மண்ணா?"

"இல்ல."

"அவ்வளவுதான். மண்ணு வேணும்னா மண்ணுன்னு எழுதிருக்க மாட்டாங்களா? படிச்சவங்க. மண்ணா இருக்கக் கூடாது. ஆனா நம்ம ஊரு மண்ணு மாதிரியே இருக்கணும். அதான் போட்டி. இல்லாட்டி மண்ணள்ளிட்டு வர்றதுல என்ன திறமை இருக்கு?"

எல்லாரும் சொன்னபட்டி மண்ணைப் பார்த்தார்கள். கரிசல். கன்னங்கரேல் என்று கட்டி கட்டியாகக் கிடந்தது. காபித்தூள் என்றாள் கோமு. நிறம் பத்தாது என்றான் இசக்கிராஜ். கருப்பட்டியைத் தூளாக்கலாம் என்றாள் முப்பிடாதி, எறும்பு வந்துவிடுமே என்று அவளே கவலைப்பட்டு வாபஸ் வாங்கிக்கொண்டாள். அப்போது சேர்மத்துரை சட்டைப்பையில் கைவிட்டு ஒரு கட்டி எள்ளுப் புண்ணாக்கை எடுத்து வைத்தான். அவன் வீட்டில் செக்கு உண்டு. அவன் சட்டைப்பையில் எந்நேரமும் ஆட்டுக்குட்டிக்குப் புண்ணாக்கு உண்டு.

உடைத்து மண்ணுக்குப் பக்கத்தில் குவித்தார்கள். எது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இசக்கிராஜ் இரண்டிலும் ஒவ்வொரு வாய் போட்டுப் பார்த்தான். முதலில் போட்டது மண்.

முப்பிடாதி அன்று சாயங்காலம் முழுக்க அந்தப் புண்ணாக்கை முறத்தில் போட்டுப் புடைத்தாள். தப்பித்தவறி அதில் ஒரு பொட்டு மண் கலந்திருந்தால் போட்டியிலிருந்து தள்ளிவிடுவார்களே என்று அவளுக்குப் பயம்.

இரண்டாவது வரி, 'நீர் மாதிரி ஒரு லிட்டர்'. இதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"தண்ணியா இருக்கக் கூடாது. தண்ணி மாதிரி இருக்கணும்" என்றாள் கோமு. அவளுக்கு இப்போது பிடி கிடைத்துவிட்டது. "சோடா?"

"சோடாவுல தண்ணி இருக்கு. கண்டுபிடிச்சிருவாங்க" என்றான் இசக்கிராஜ். "இளநீர்! பேருல நீர் இருக்கு. பாக்கவும் நீர் மாதிரி இருக்கு. ஆனா கிணத்துல கெடைக்காது."

மூன்றாவது வரிதான் இடறியது. 'குழுவின் கரிமத் தடத்தை அளந்து, அதைக் குறைத்துக் காட்டவும். மிகக் குறைந்த எண் பெறும் அணிக்கு முழு மதிப்பெண்.'

"கரி தெரியும். தடம் தெரியும். அது என்னது கரிமம்?" என்றாள் கோமு.

"மரியாதைக்குப் போட்டிருக்காங்க" என்றான் இசக்கிராஜ். "கவர்மெண்டு கடுதாசியில கரியைக் கரின்னா எழுதுவாங்க?"

சத்துணவுக் கூடத்திலிருந்து அடுப்புக்கரி வாங்கி, பொடித்து, நால்வரும் உள்ளங்காலில் தேய்த்துக்கொண்டு சார்ட் தாளில் ஏறி நின்றார்கள். அளவுகோலை வைத்து அளந்தார்கள். இசக்கிராஜ் இருபத்தெட்டு. சேர்மத்துரை இருபத்தைந்து. முப்பிடாதி இருபத்திரண்டு. கோமு இருபத்தொன்று. கூட்டினால் தொண்ணூற்றாறு.

"எப்படிக் குறைக்கிறது? வெட்டவா முடியும்?" என்றாள் முப்பிடாதி.

சேர்மத்துரை எழுந்தான். முன்னங்காலை மட்டும் ஊன்றி, குதிகாலைத் தூக்கிக்கொண்டு தாளில் நான்கு எட்டு நடந்தான். தடம் ஒன்பது சென்டிமீட்டர்தான் இருந்தது.

"பாத்தீங்களால?" என்றான் இசக்கிராஜ், தானே கண்டுபிடித்தது போல. "ஆளுக்கு ஒம்பது. நாலொம்பது முப்பத்தாறு!"

வெள்ளிக்கிழமை வரை நால்வரும் வீட்டிலும் தெருவிலும் முன்னங்காலிலேயே நடந்து பழகினார்கள். கோமுவின் அம்மா பிள்ளை காலில் முள் தைத்துவிட்டது என்று ஊசியோடு துரத்தினாள்.

போட்டி நாளன்று காலை பஸ்ஸுக்கு வந்தபோது நால்வர் உள்ளங்காலிலும் புதுக் கரி இருந்தது, தலையில் வாகைப் பூ இருந்தது. முப்பிடாதியும் கோமுவும் பின்னலில் வைத்திருந்தார்கள். இசக்கிராஜ் காதுக்கு மேலே செருகியிருந்தான். சேர்மத்துரை மொட்டை அடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்ததால் அவன் தலையில் சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். தலைமையாசிரியர் சூடச் சொல்லியிருக்கிறாரே.

துணைக்கு விளையாட்டு வாத்தியார் கொம்பையா சார். பஸ் கிளம்பும்போது பால்வண்ணம் சார் ஜன்னலைத் தட்டிச் சொன்னார்: "கொம்பையா சார், டவுனு, பாத்துக்கோங்க. பிள்ளைகளை விட்டுட்டு நகரக் கூடாது!"

"சரி சார்" என்றார் கொம்பையா.

மண்டபத்து வாசலில் பிள்ளைகளை விட்டார். பிறகு நகரவில்லை. வாசல் தூணுக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "சார், உள்ள வரலையா?" என்று முப்பிடாதி கேட்டதற்கு, "உங்களை விட்டாச்சு. இனி நகரக் கூடாதுன்னுல்லா உத்தரவு" என்றார். சிறிது நேரத்தில் அங்கே வந்தவர்கள் அவரிடம் அழைப்பிதழைக் காட்டி உள்ளே போக ஆரம்பித்தார்கள்.

உள்ளே முப்பது பள்ளிகள். இஸ்திரி போட்ட சீருடை, லேப்டாப், கழுத்தில் அட்டை. முப்பிடாதி எல்லாரையும் பார்த்தாள். தன் குழுவையும் பார்த்தாள். மொட்டையில் பூ ஒட்டிய ஒருவன், கரிக்காலோடு குதிகாலைத் தூக்கி நிற்கிற மூன்று பேர். மாடக்கண்ணுவின் ரம்பம் கர்ரு கர்ரென்று அவள் காதுக்குள்ளேயே அறுத்தது.

முதலில் மண். மண் நடுவர் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்தவர். ஒவ்வொரு பள்ளியின் பொட்டலத்திலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டு, மருந்து ஊற்றிக் குலுக்கி, நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சொன்னபட்டிக் குழாய் அட்டையில் இருந்த கடைசி நிறத்தையும் தாண்டிப் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தழைச்சத்து இவ்வளவா? இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மண்ணை நான் பாத்ததில்ல. எங்க எடுத்தது?"

"செக்கடி சார்" என்றாள் முப்பிடாதி.

"செக்கடியா? ஊர்ல ஒரு பகுதியாக்கும். என்ன போட்டிருந்தாங்க?"

"எள்ளு சார்."

"எள்ளு! எள்ளுக்கு அப்புறம் மண்ணு இப்படித் தேறுதா!" அவர் வேகமாக எழுதிக்கொண்டார். "சத்துப் போகாம எப்படிக் காப்பாத்துனீங்க?"

"மாடு ஆடு வாய் வைக்காம பாத்துக்கிட்டோம் சார்" என்றாள் கோமு.

'மேய்ச்சல் தடுப்பு முறை சிறப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டார் நடுவர்.

அடுத்து நீர். நீர் நடுவர் ஒரு அம்மா. காலையிலிருந்து இருபது ஊர் ஆழ்துளைத் தண்ணீரைச் சோதித்து வாடிப் போயிருந்தார். சொன்னபட்டி பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். கருவியை விட்டுப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒரு மிடறு குடித்தார். சரிதானா என்று நிச்சயம் செய்துகொள்ள இன்னொரு மிடறு. கடைசியில் பாட்டிலின் அடி தெரிந்தது.

"எத்தனை அடியில எடுத்தீங்கம்மா?"

"நாப்பது அடி மேடம்."

"நாப்பது அடியிலயே இவ்வளவு நல்ல தண்ணியா? எங்க ஆபீஸ்ல நானூறு அடி போட்டும் உப்பு!"

"ஆழம் இல்ல மேடம், உயரம்" என்றான் இசக்கிராஜ். "மேலேருந்து இறக்கினது."

அந்த அம்மா பேனாவோடு நிமிர்ந்தார். "தரையில படவே விடலையா?"

"பட்டா உடைஞ்சிரும் மேடம். கயிறு கட்டித்தான் இறக்கினோம்."

அவருக்குக் கடைசிப் பதில் புரியவில்லை. ஆனால் 'மழைநீரைத் தரையில் விழும் முன்பே பிடிக்கிறார்கள்' என்று எழுதினார். வேறு எப்படித்தான் எழுதுவது?

மூன்றாவதாகத் தலைமை நடுவர் முன் போய் நின்றார்கள். ஓய்வு பெற்ற வனத்துறை அதிகாரி அவர். நரைத்த மீசைக்காரர். மற்ற பள்ளிக்காரர்கள் கரன்ட் பில், பெட்ரோல் கணக்கு என்று பெரிய பெரிய அறிக்கை கொடுத்திருந்தார்கள். ஒரு குழு ஆயிரத்து நானூறு என்றது. ஒரு குழு இரண்டாயிரத்துச் சொச்சம் என்றது.

"சொன்னபட்டி! உங்க கரிமத் தடம்?"

"முன்னாடி தொண்ணூத்தாறு சார்" என்றாள் முப்பிடாதி. "இப்ப முப்பத்தாறு."

"முப்பத்தாறா? முப்பத்தாறு என்ன?"

அவள் பயந்துபோனாள். கூட்டலில் தப்பு விட்டுவிட்டோமோ? விரலை மடக்கி மறுபடி எண்ணினாள். "முப்பத்தாறேதான் சார்."

"எப்படிக் குறைச்சீங்க?"

"நடையை மாத்தினோம் சார்."

"நடைன்னா? எல்லாரும் நடந்தே போறீங்களா?"

"நடக்கும்போது மட்டும்தான் சார் இப்படி. உக்காந்தா தடமே கிடையாது."

தலைமை நடுவர் மீசையைத் தடவினார். அந்தப் பதிலில் ஏதோ பெரிய தத்துவம் இருப்பதாக அவருக்குப் பட்டது. முழு மதிப்பெண் போட்டார்.

அந்த நேரம் பார்த்து மண்டப மேனேஜர் விளக்குமாற்றோடு ஓடி வந்தார். "யாருய்யா அது? புது டைல்ஸ் பூரா கரி! மாடிப்படியில கரி! மணமகள் ரூம் வரைக்கும் கரி!"

முப்பிடாதி திரும்பித் தரையைப் பார்த்தாள். கோப்பை போச்சு, மரம் போச்சு என்று நினைத்தாள். உண்மையை ஒத்துக்கொண்டால் கொஞ்சம் இரக்கப்படுவார்களோ என்று கையைத் தூக்கினாள். "நாங்கதான் சார். எங்க தடம்தான்."

"பாத்தீங்களா?" என்றார் தலைமை நடுவர், கூட்டத்தைப் பார்த்து. "இத்தனை பள்ளிக்கூடம் வந்திருக்கு. தன்னோட தடத்தை இந்த பூமியில விட்டுட்டோம்னு கையைத் தூக்கி ஒத்துக்கிட்டது இந்தப் பொண்ணு ஒருத்திதான்." எல்லாரும் கை தட்டினார்கள். மேனேஜர் மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடிதத்தின் நான்காவது வரி, அங்கேயே சீட்டு எடுத்துச் செய்கிற போட்டி. சொன்னபட்டிக்கு வந்த சீட்டில், 'மின் சிக்கனம் – ஐந்து நிமிடத்தில் செய்து காட்டுக' என்று எழுதியிருந்தது. அதே தலைப்பு கிடைத்த இன்னொரு பள்ளி இருபது பல்பு போட்டு, திரை கட்டி, மைக்கில் பேசி, கலர் விளக்கோடு நாடகம் நடத்திவிட்டு இறங்கியது. நல்ல கைதட்டல்.

"நாம என்ன பேசுறது?" என்றாள் முப்பிடாதி.

"பேசச் சொல்லலையே. செய்யத்தான சொல்லிருக்கு" என்றான் இசக்கிராஜ். சேர்மத்துரை ஏற்கெனவே மீட்டர் பெட்டிப் பக்கம் போய்விட்டான். பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் புண்ணாக்குத் தூளோடு போட்டுக்கொண்டான்.

மண்டபம் கப்பென்று இருண்டது. மின்விசிறிகள் முனகி நின்றன. நால்வரும் மேடையில் ஏறிக் கைகட்டி நின்றார்கள்.

ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். மேடைக்கு எதிரே சிவப்பு எழுத்தில் ஓடுகிற கரன்ட் கடிகாரத்தில்தான் நேரம் பார்க்க வேண்டும். அது இப்போது அணைந்துகிடந்தது.

"ஏட்டி, அஞ்சு நிமிஷம் ஆயிட்டா?" என்று கிசுகிசுத்தாள் கோமு.

"கடிகாரம் ஓடலையே. அப்ப இன்னும் ஆகல" என்றான் இசக்கிராஜ்.

பத்து நிமிடம் போனது. நேரம் முடிந்தால் அடிக்கிற மணியும் கரன்ட் மணிதான், அதுவும் அடிக்கவில்லை. இருபது நிமிடம் போனது. நடுவர்களுக்குச் சட்டை நனைந்துவிட்டது. மேனேஜர் டார்ச்சோடு மீட்டர் பெட்டிக்குள் தலையைவிட்டு யாரையோ திட்டினார். நாற்பதாவது நிமிடம் தலைமை நடுவர் எழுந்து, "போதும் பிள்ளைகளா! புரிஞ்சிட்டு!" என்று கத்தினார். சேர்மத்துரை போய்க் கட்டையைச் செருகினான்.

மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் தலைமை நடுவர் சட்டைக் காலரை விரித்துக் காற்று வாங்கினார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"காலையிலேருந்து சிக்கனத்தைப் பத்தி எல்லாரும் பேசுனாங்க. ஒரு யூனிட்டாவது மிச்சம் பண்ணினது இவங்க மட்டும்தான். முதல் பரிசு, சொன்னபட்டி! இந்தச் சுழற்கோப்பை ஒரு வருஷத்துக்கு உங்க பள்ளிக்கூடத்துல இருக்கும். அடுத்த வருஷம் நாங்க வந்து வாங்கிக்குவோம். அதுவரைக்கும் பத்திரம்!"

முப்பிடாதி கோப்பையை வாங்கினாள். அது மேசையில் இடித்து டங்கென்றது. சந்தோஷப்படலாம் என்று வாயைத் திறந்தவள், பாதியில் மூடிக்கொண்டாள்.

"ஏல இசக்கி, என்ன சொன்னாரு? சுழற்கோப்பையா?"

"ஆமா. சுழல்ற கோப்பை."

"இது சும்மால்லா இருக்கு?"

நால்வரும் கோப்பையைப் பார்த்தார்கள். அது அசையவே இல்லை.

"எச்.எம். ரூம்ல சுழல் நாற்காலி இருக்குல்லா?" என்றான் இசக்கிராஜ், முகம் இறுகி. "அது சுத்துறதுனாலதான் அந்தப் பேரு. சுத்தாட்டி அது வெறும் நாற்காலி. சர்ட்டிபிகேட்டுல சுழற்கோப்பைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இதை நாம சுத்தாம வச்சிருந்தா..."

"பொய்யாயிரும்" என்றாள் முப்பிடாதி. "வந்து பாத்துட்டுத் திரும்ப வாங்கிட்டுப் போயிருவாங்க. மரமும் போயிரும். ஒரு வருஷம்லா சொல்லிருக்காரு!"

அந்த நிமிடமே கோப்பையை இரண்டு கையிலும் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

வாசலில் கொம்பையா சார் காலையில் நின்ற இடத்திலேயே நின்றார். தோளில் ஒரு புறா இருந்தது. "சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க" என்றார்கள். "நகரக் கூடாதுன்னு உத்தரவு" என்றார் அவர். மூன்று பேர் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கினார்கள். முப்பிடாதி கோப்பையைச் சுற்றிக்கொண்டே பின்னால் ஓடினாள். "நான் நகரல, சாட்சிக்கு நீங்கதான்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார் கொம்பையா.

பஸ்ஸில் முறை வைத்துச் சுற்றினார்கள். ஒரு ஸ்டாப்புக்கு ஒருவர். கண்டக்டர், "என்னம்மா, உள்ள மோரா இருக்கு?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. வழியில் பஸ் பஞ்சராகி அரை மணி நேரம் நின்றது. கோப்பை நிற்கவில்லை.

பள்ளி வாசலில் இறங்கியபோது ஐந்தே கால். மாடக்கண்ணு பக்கத்து ஊர்க்காரர், நேரம் தவறாதவர். மரத்தடியில் ரம்பத்தை வைத்து, பட்டையில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு அறுத்தும்விட்டார். தலைமையாசிரியர் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

"சார்! கோப்பை!" என்று கத்திக்கொண்டே ஓடினாள் முப்பிடாதி. முன்னங்காலில் ஓடியதால் இரண்டு தடவை விழுந்தாள். விழுந்தபோதும் சுற்றுவதை விடவில்லை.

பால்வண்ணம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "குடும்மா, அலமாரியில வைப்போம்."

"வைக்க முடியாது சார். இது சுழற்கோப்பை. ஒரு வருஷம் சுத்திக்கிட்டே இருக்கணும்."

சர்ட்டிபிகேட்டை வாங்கி இரண்டு முறை வாசித்தார். எழுத்து சுத்தமாகத்தான் இருந்தது. "சரிதான்" என்றார். அவரும் கோப்பையை வாங்கிச் சுற்றினார். பத்து நிமிடத்தில் தோள்பட்டை கழன்றது. ஆசிரியர்கள் சுற்றினார்கள். பியூன் சுற்றினார். யாராலும் முடியவில்லை.

அப்போதுதான் முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். கரும்பலகை தொங்குகிற கிளையில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பலகை தன்னால் இப்படியும் அப்படியும் திரும்பியது. ஒரு கயிறு வாங்கி, கோப்பையின் கைப்பிடியில் கட்டி, அடுத்த கிளையில் தொங்கவிட்டாள். கோப்பை மெல்லத் திரும்பியது. பிறகு சுற்றியது. எல்லாரும் அப்பாடா என்று கையை உதறினார்கள்.

மாடக்கண்ணு பொறுமையாகக் கேட்டார். "சார், மிச்சத்தை அறுக்கவா?"

"அறுத்தா கோப்பை எதுல ஓய் தொங்கும்?" என்றார் பால்வண்ணம் சார். மாடக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டு ரம்பத்தைத் தோளில் போட்டார். முப்பிடாதி அறுபட்ட இடத்தில் சாணியைப் பூசிக் கட்டுப் போட்டாள். கட்டு இறுக்கமாகிவிட்டதோ என்று உடனே கவலைப்பட்டாள்.

ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. எட்டாம் நாள் காற்று நின்றுவிட்டது. இலைகூட அசையவில்லை. கோப்பையும் அசையவில்லை. பள்ளியே மரத்தடியில் கூடியது.

"ஊதிப் பாக்கலாமா?" என்றாள் கோமு. நாற்பத்திரண்டு பேர் ஊதினார்கள். ஏழு பேருக்குத் தலைசுற்றியது. கோப்பை சுற்றவில்லை.

முப்பிடாதி விரலைக் கடித்துக்கொண்டு கோப்பையையே பார்த்தாள். "சூரியன் நின்ன இடத்துலதான் இருக்கு, பூமிதான் சுத்துதுன்னு பாடத்துல வருதுல்லா? ஆனா பாக்கிறவங்களுக்கு சூரியன்தான சுத்துது? அப்ப கோப்பை நிக்கட்டும். நாம அதைச் சுத்தினா?"

இசக்கிராஜ் வாழ்க்கையில் முதல் முறையாக விளக்கம் சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றான். அவ்வளவு சரியாக இருந்தது அது.

முதல் பீரியடில் 'ஆ' பிரிவு மரத்தைச் சுற்றி நடந்தது. இரண்டாவது பீரியடில் கால் வலி வந்தது. மூன்றாவது பீரியடில் யாரோ சைக்கிளை எடுத்தார்கள். அதன்பிறகு தலைமையாசிரியரே கால அட்டவணை போட்டார். பள்ளியில் எட்டு வகுப்பு, வகுப்புக்கு ஆறு சைக்கிள். பீரியட் மாறும்போது ஓடுகிற சைக்கிளில் ஒருவர் இறங்க, இன்னொருவர் ஏற வேண்டும். காலையில் மணி அடித்ததிலிருந்து சாயங்காலம் மணி அடிக்கிற வரை அத்தனை சைக்கிளும் வாகை மரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தன. பிள்ளைகள் அந்த வட்டத்துக்குள் நிழலில் உட்கார்ந்து படித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, சைக்கிள் ஷெட் கட்டிவிட்டார்களா என்று பார்க்க டவுனிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். ஷெட் இல்லை. மரம் இருந்தது. அவர் முகம் சிவந்தது.

"என்ன சார் இது, ஷெட்டே போடல? சைக்கிளை எல்லாம் எங்க நிறுத்துறீங்க?"

பால்வண்ணம் சார் பெருமையோடு மரத்துப் பக்கம் கையைக் காட்டினார். கோப்பைக்குக் கீழே உட்கார்ந்திருந்த முப்பிடாதி, ஏதாவது தப்பாகிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவளைச் சுற்றிக் கிர்ரென்று நாற்பத்தெட்டு சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன.

"நாங்க நிறுத்துறதே இல்ல சார்."